தூக்கத்தின் விரோதி

தூங்குகிற எதையும் அவருக்குப் பிடிக்காது. மாடிப்படிக்குக் கீழே வெயிலில் சுருண்டு கிடக்கும் தெருநாயைக்கூடக் காலால் தட்டி எழுப்பிவிட்டுத்தான் மேலே ஏறுவார். நாய் எழுந்து அவரை ஒரு முறை பார்க்கும். பிறகு நாலடி தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்ளும். அவரிடம் வந்து சேர்ந்தவர்களில் அந்த நாய்க்கு இருந்த புத்தி வேறு யாருக்கும் இருக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகிற ரோட்டில், ஊர் முடிந்து கரும்புக் கொல்லை தொடங்குகிற இடத்தில், ஓர் உரக்கடையின் மாடியில் அவருடைய டுடோரியல் இருந்தது. தகரக் கூரை. பத்தாவதில் பெயிலானவர்களை அக்டோபர் பரீட்சைக்குத் தயார்செய்வது அவர் தொழில். உரக்கடைக்குப் பின்பக்கம் இரண்டு அறையில் அவருடைய மனைவியும் ஏழு வயது மகளும் இருந்தார்கள். மாடியில் நாங்கள். வெளியூர்ப் பையன்கள் அங்கேயே தங்கிக்கொள்ளலாம். பாய் உண்டு, தலையணை கிடையாது. தலையணை கொடுத்தால் தூங்கிவிடுவார்களாம்.

நான் அங்கே போனபோது மற்ற பையன்களைவிட ஐந்தாறு வயது மூத்தவன். பத்தாவதில் தோற்ற கையோடு ஊரைவிட்டுக் கிளம்பி, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றியிருக்கிறேன். வெள்ளிமலை ஜீப்பில் பின்னால் தொங்கிக்கொண்டு போய் மூட்டை இறக்கியிருக்கிறேன். நடுவில் கொஞ்ச நாள் கிணறு வெட்டினேன். பட்டினியும் கிடந்திருக்கிறேன். அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, என்னோடு இருந்த எல்லோரும் கிடந்தார்கள். பத்தாவது பாஸ் என்று ஒரு காகிதம் இருந்தால் பஸ்ஸில் கண்டக்டர் ஆகலாம் என்று ஜீப் டிரைவர் ஒருவர் சொன்னார். அதை நம்பி அந்த மாடி ஏறினேன்.

முதல் நாள் சார் என் பேரைக் கேட்கவில்லை. ஒரு டம்ளரை நீட்டினார்.

"குடி."

கருப்பாக இருந்தது. பால் பேருக்கு ஊற்றியிருந்தார்கள். கசப்பு நாக்கின் அடி வரைக்கும் போனது.

"ஒரு நாளைக்கு எத்தினி தபா குடிப்ப?"

"கெடைச்சா ஒரு தபா சார். அதுவும் டீதான்."

"அதான் பெயிலு" என்றார். கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணைக்கூட அவர் கேட்கவில்லை. நோய் தெரிந்துவிட்டது, மருந்தும் கையில் இருந்தது.

அவருடைய கல்வி முறை இவ்வளவுதான்: சோறு தின்றால் தூக்கம் வரும், தூங்கினால் பெயிலாவாய். ஆகையால் சோற்றைக் குறை, காப்பியைக் கூட்டு. எழுந்ததும் ஒரு டம்ளர், குளித்ததும் ஒரு டம்ளர், கணக்குக்கு முன்னால் ஒன்று, கணக்கு புரியாவிட்டால் இன்னொன்று. கணக்கு எங்களுக்கு ஒருநாளும் புரிந்ததில்லை என்பதால் அந்த இன்னொன்று தவறாமல் வந்தது. "தூங்கி எழுந்தவன்லாம் ஆடு மேய்ச்சிக்கினு கீறான்டா. தூங்காதவன்தான் தாலுக்கா ஆபீசுல ஒக்காந்துக்கினு கீறான்" என்பார். தாலுக்கா ஆபீசில் மத்தியானம் போய்ப் பார்த்தவன் நான். அங்கே எல்லோரும் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். சொல்லவில்லை. சொன்னால் எனக்கு இன்னொரு டம்ளர் வந்திருக்கும்.

காப்பித்தூள் விஷயத்தில் அவர் பெரிய ஆசாரக்காரர். விடிந்ததும் கடைவீதிக்கு நடந்து போவார். கண்ணெதிரே வறுத்து, கண்ணெதிரே அரைத்து, சூட்டோடு பொட்டலம் கட்டியதை மார்போடு அணைத்துக்கொண்டு வருவார். கைக்குழந்தையைக் கொண்டுவருவது போல இருக்கும். அன்றன்றைக்கு வாங்கியது அன்றன்றைக்குத் தீர்ந்துவிட வேண்டும். மிச்சம் வைக்க மாட்டார். மந்தமான பையனைத் திட்டுவதற்குக்கூட "நேத்து தூளுடா நீ" என்பதுதான் அவருடைய வசவு.

கரும்பலகையில் அவர் முக்கோணம் போட்டால் மூன்று கோடும் மூன்று வாய்க்கால் மாதிரி நெளிந்துகொண்டு போகும். வட்டம் போட்டால் கிழிந்த தோசை. கை அப்படி நடுங்கும். சாக்பீஸ் பலகையில் டக்டக்கென்று தானாகவே தாளம் போடும். ஒரு பையன் தைரியமாகக் கேட்டேவிட்டான்.

"கை ஏன் சார் ஆடுது?"

"வேகமா யோசிக்கறவனுக்குக் கை நிக்காதுடா. உன் கை ஆடுதா?"

"இல்ல சார்."

"ஆடும். இன்னும் ஒரு மாசம் போவட்டும்."

வெள்ளிமலைக்கும் மேலே ஒரு சிற்றூரிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்திருந்தான். சாமைச் சோறும் கேழ்வரகுக் கூழும் தவிர வேறு எதுவும் வயிற்றில் இறங்காதவன். ஒல்லி. மலையில் அவனோடு ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும், அவனுக்கு வாங்காது. அப்படிப்பட்டவன் வந்த சில நாளிலேயே பாடத்துக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"சார், உள்ள இன்னாவோ குதிக்குது சார்."

சார் கிட்டே போய் அவன் மார்பில் காதை வைத்தார். முகத்தில் என்ன ஒரு பூரிப்பு! "ஓடுதுடா வண்டி!" என்றார்.

"எங்க சார் ஓடுது? நான் இங்கதான ஒக்காந்துக்கினு கீறேன்?"

வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவனுக்குக் கண் பிதுங்கி, உள்ளங்கை முழுக்க வேர்த்திருந்தது. மறுநாள் அவனை நான்தான் வெள்ளிமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மார்பைப் பொத்திக்கொண்டு போனான். மலைக் காற்றில் மூளை வளராது என்று சார் எங்களுக்கு விளக்கம் சொன்னார். மலைக் காற்றைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் மலையே ஏறியதில்லை.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் எங்கே போனாலும் ஒரே பேச்சு, இட ஒதுக்கீடு. டீக்கடையில், கரும்பு வண்டியில், கல்யாணப் பந்தியில், சாவு வீட்டில்கூட. கோரிக்கையைக் குறை சொல்ல நான் யார்? கரும்பு வெட்டுகிறவன் மகன் ஆபீசில் உட்கார வேண்டும் என்று கேட்டால் அதில் என்ன தப்பு? ஆனால் எங்கள் சார் அதிலும் தம்முடைய டம்ளரை நுழைத்தார். கூட்டங்களில் மற்றவர்கள் போலீஸைப் பற்றி, சதவீதத்தைப் பற்றிப் பேசுவார்கள். இவர் தூக்கத்தைப் பற்றிப் பேசுவார். ஒதுக்கீடு வந்துவிடும், வந்த பிறகு சீட்டில் போய் உட்கார மார்க் வேண்டும், மார்க் வேண்டுமானால் வீட்டுக்கு வீடு காப்பி போட வேண்டும். கேனில் காப்பியை எடுத்துக்கொண்டு போய், கரும்பு வெட்டுகிறவர்களுக்குச் சாயங்காலத்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டு வருவார். கரும்பு வெட்டுகிறவனுக்கு ஒரு ராத்திரித் தூக்கம் போனால் மறுநாள் கத்தி கரும்பில் இறங்காது, காலில் இறங்கும். அது எனக்குத் தெரியும். என் முழங்காலுக்குக் கீழே இன்னும் தழும்பு இருக்கிறது. அவருக்கு அது தேவையில்லாத சமாச்சாரம்.

காலனியிலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டு பையன்கள், ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் செய்யப் போகிறார்கள் என்ற பேச்சு சூடானதும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஏன் என்று சார் கேட்கவில்லை. எல்லோரையும் எழுப்பப் புறப்பட்டவருக்கு அந்த இரண்டு பேர் கணக்கில் இல்லை.

அவருடைய பெருமையெல்லாம் மகள்தான். பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தாய்ப்பாலை மறக்கடித்ததே காப்பியால்தான் என்று சபையில் சொல்லுவார், ஏதோ தங்கக் கிண்ணத்தில் சோறு ஊட்டியதைப் போல. புதிதாகப் பையனைச் சேர்க்க யாராவது வந்தால் பாப்பாவைக் கூப்பிட்டு பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்துவார். ஒரு முறை நைனார்பாளையத்திலிருந்து ஒரு குடியானவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"பாப்பா, ஜப்பானு?"

"டோக்கியோ."

"எகிப்து?"

"கெய்ரோ. அப்பா நான் எறங்கட்டுமா? பதினாறாம் வாய்ப்பாடு சொல்லட்டுமா? இவரு யாரு? இந்த அண்ணன் பெயிலா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கேட்டுக்கொண்டே போகும். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியில் ரத்தம் கட்டியிருக்கும். கண்ணுக்குக் கீழே, வயசானவர்களுக்கு இருப்பது போலக் கருவளையம். பெஞ்சின் மேல் நிற்கும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்தக் குடியானவர் தலைநகரங்களை விட்டுவிட்டுப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொயந்த சரியா சாப்புடுதுங்களா? மொகம் வெளுத்தாப்புல கீதே."

"சாப்பாட்டுல இன்னாங்க கீது? ராத்திரி எத்தினி மணி ஆனாலும் இது கண்ணு மூடாது. அந்த வயசுல உங்க புள்ள இன்னா பண்ணிக்கினு இருந்தான்?"

"தூங்கிக்கினு இருந்தான்" என்றார் அவர் குற்றவாளி போல.

"பாருங்க!"

சாரின் மனைவி, அந்த அம்மா, கதவோரத்தில் நின்றிருந்தார். அவர் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஒரு தடவை பாப்பாவின் டம்ளரில் டிகாஷனைக் குறைத்துப் பாலைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார். சார் வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு முற்றத்தில் கொட்டினார். "இது காப்பியா, கன்னுக்குட்டிக்குக் குடுக்கறதா?" என்று அவர் கத்தியது மாடிக்குக் கேட்டது. திரும்பப் போட்டுக் கொண்டுவந்ததைக் குழந்தை குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் மேலே வந்தார். வந்து எங்களுக்கு அறிவியல் நடத்தினார்.

மறியல் தொடங்கிய அன்று அவரைப் பார்த்திருக்க வேண்டும். சாலையோரத்துப் புளியமரங்களை அடியோடு வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, கடை இல்லை. எங்கள் வாசலிலிருந்து கடைவீதிவரை இரண்டு இடத்தில் மரம் கிடந்தது. ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு கூட்டம் கோஷம் போட்டுக்கொண்டிருந்தது. சார் அண்டா நிறையக் காப்பி போட்டு அவர்களுக்கு எடுத்துப் போனார். மரம் சாய்வதற்கு முன்பே வாங்கிவந்திருந்த அன்றைய தூள் முழுவதும் காலையிலேயே தீர்ந்தது. ஊரைப் பூட்டினால் கடையும் பூட்டியிருக்கும், நாளைக்குத் தூள் கிடைக்காது என்பது, மகளுக்கு உலகத்துத் தலைநகரமெல்லாம் சொல்லிக்கொடுத்த மனிதருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வெறுங்கையோடு திரும்பி வந்தார். தூள்கடைக்காரர் முந்தைய நாளே பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டாராம். பில்டரில் கிடந்த பழைய சக்கையைக் கொதிக்க வைத்தார். மத்தியானம் அதையே திரும்பவும் கொதிக்க வைத்தார். சாயங்காலம் வந்தது காப்பி இல்லை, பில்டர் கழுவின தண்ணீர். பெருமையாக அதையும் குடித்தோம்.

அதற்கடுத்த நாள் மாடி முழுக்கத் தலைவலி. ஒருவன் இரண்டு கையாலும் நெற்றியை அழுத்திக்கொண்டு சுவரோரம் குந்தியிருந்தான். இன்னொருவன் வாந்தி எடுத்தான். சார் ஈரத்துண்டைத் தலையில் இறுகக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். வெளிச்சம் பார்க்க முடியவில்லை என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னார். பிறகு காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"போலீசுகாரன் தண்ணி டேங்க்குல எதையோ கலந்துட்டான்டா."

எல்லோரும் குடத்தை எடுத்துக்கொண்டு கரும்புக் கொல்லைக் கிணற்றுக்கு ஓடினார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்தும் தலைவலி போகவில்லை.

"கெணத்துலயும் கலந்துட்டான்" என்றார்.

மரத்தடியில் இருந்தவர்களுக்கும் இந்தச் செய்தி போனது. அங்கே யாருக்கும் தலை வலிக்கவில்லை. அவர்கள் அதே டேங்க் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் போய்ச் சொன்ன பையனைச் சார் நேத்து தூள் என்று திட்டினார். திட்டுக்கூட இழுத்துக்கொண்டுதான் வந்தது. பையன்கள் ஒவ்வொருவராகப் பாயில் சாய்ந்தார்கள். பட்டப்பகலில், வகுப்பு நடக்க வேண்டிய நேரத்தில், மாடி முழுக்கக் குறட்டை. எழுப்ப அவர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்தார். குனிந்தால் தலை விண்ணென்று தெறித்தது போலும். அப்படியே ஸ்கேலோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் பசியோடு பழகியவன் என்பதால் தலைவலி என்னை ரொம்பப் பாதிக்கவில்லை. கீழே தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் சாரின் கூச்சல் கேட்டது.

"பாப்பா! ஏ பாப்பா! ஜப்பானு? ஜப்பானு சொல்லு!"

பாப்பா பாயில் ஒருக்களித்துக் கிடந்தது. மறியல் தொடங்கிய அன்றே காப்பி கேட்டு அழுததாம். அடுத்த நாள் தலை வலிக்கிறது என்று சொல்லி ஒரு தடவை வாந்தி எடுத்ததாம். அன்று பொழுது சாய்ந்ததும் படுத்தது, இப்போது உச்சிவெயில் ஏறியும் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"தூங்கறா போலக் கீதுங்க" என்றார். குரலில் நிச்சயம் இல்லை.

"இதுவா தூக்கம்? இவ எப்படி தூங்குவா? காலு ஜில்லுனு கீதே!"

மகளுக்குத் தூங்கத் தெரியும் என்பதே அந்த மனிதருக்குத் தெரியாது. அந்த வயசுவரைக்கும் அவள் தூங்கி அவர் பார்த்ததில்லை. இப்போது தோளைப் பிடித்து உலுக்குகிறார், தலை இப்படியும் அப்படியும் தொங்குகிறது. அதைப் பார்த்ததும் எனக்கு முன்பக்கத்து உரக்கடை ஞாபகம் வந்தது. மூட்டை மூட்டையாகப் பூச்சிமருந்து. யாருக்குத் தெரியும்?

சார் தூக்கப் பார்த்தார். பிள்ளை நழுவியது. நான் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். கரும்புக் கட்டு தூக்கிய தோளுக்கு அந்தப் பிள்ளை ஒரு சுமையே இல்லை. அவ்வளவு லேசாக இருந்ததுதான் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரி ஊருக்கு அந்தப் பக்கம். முன்னால் சார் தலையில் துண்டோடு "வழி வுடுங்க, வழி வுடுங்க" என்று ஓடினார். பின்னால் அந்த அம்மா செருப்புகூடப் போடாமல் வந்தார். மரத்தடிக்காரர்களுக்கு அவரைத் தெரியும். வேறு நாளாக இருந்தால் என்னை நிறுத்தி எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டிருப்பார்கள். அன்றைக்குக் கிளையை விலக்கிப் பிடித்து, குழந்தையைக் கைமாற்றி வாங்கி, மரத்துக்கு அந்தப் பக்கம் என்னிடம் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். மறியலில் மாற்று ஆள் வர முடியாததால் அவரே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பாவை மேசையில் படுக்க வைத்ததும் முதலில் வாயை முகர்ந்தார். பூச்சிமருந்து ஏதாவது கைக்கு எட்டுமா என்று கேட்டார். இமையை விரித்து டார்ச் அடித்தார். நாடி பார்த்தார். அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் டாக்டரம்மா பாப்பாவின் உள்ளங்காலில் நகத்தால் கீறினார்.

பாப்பா காலை இழுத்துக்கொண்டு, "வுடும்மா" என்றது. திரும்பிப் படுத்துக்கொண்டது.

"வழக்கமா எவ்வளவு நேரம் தூங்குவா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"தூங்கவே மாட்டா டாக்டர்" என்றார் சார். அந்த நேரத்திலும் அதில் ஒரு பெருமை. "காலைலேர்ந்து ராத்திரி வரிக்கும் நாலஞ்சு தபா காப்பி. நல்ல தூளு, அன்னன்னிக்கு அரைச்சது."

"யாருக்கு?"

"பாப்பாவுக்குதான்."

டாக்டரம்மா டார்ச்சைக் கீழே வைத்தார். "இப்போ எத்தனை நாளா காப்பி இல்ல?"

"மறியல் ஆரம்பிச்சதுலேர்ந்து."

"அதான். தலைவலி, வாந்தி, அப்புறம் இந்தத் தூக்கம். குழந்தைக்கு ஒண்ணும் இல்லைங்க. இத்தனை வருஷம் தூங்க வேண்டியதைத் தூங்கறா. நாளைக்கு வரைக்கும் இங்கயே இருக்கட்டும், நான் பார்த்துக்கறேன். யாரும் எழுப்பாதீங்க."

அந்த அம்மா சுவரோரமாகவே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சார் மேசைக்குக் கிட்டே நகர்ந்தார். சந்தையில் மாடு பேசுகிறவரின் முகம் அவருக்கு வந்திருந்தது.

"அப்ப இனிமே எவ்ளோ குடுக்கலாம்?"

"குடுக்காதீங்க."

"சரி. காலைல மட்டும்."

"குடுக்காதீங்க."

"பால ஜாஸ்தியா ஊத்தி?"

"பாலை மட்டும் ஊத்துங்க."

"பரீட்ச வந்தா?"

"சார், இவளுக்கு ஏழு வயசு. இந்த வயசுல ஒரு வாய்கூட வேணாம். தூக்கம் போயிடும், பசி போயிடும், நெஞ்சு படபடங்கும். உங்க டுடோரியல் பசங்களுக்கே காலைல ஒரு சின்ன டம்ளர் போதும். அதுவும் சாப்பிட்டுட்டு."

"பெரியவங்களுக்கு?"

"நான்கூடக் குடிக்கறேன். காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. பொழுது சாய்ஞ்சா தொடமாட்டேன். மூணு, நாலு டம்ளர் வரைக்கும் சில பேருக்கு ஒத்துக்கும். மாசமா இருக்கறவங்க இன்னும் கம்மி பண்ணணும். கை நடுங்குது, தூக்கம் வரலைன்னா அவங்களுக்கு அது ஜாஸ்தின்னு அர்த்தம். நிறுத்தணும்னா ஒரேயடியா நிறுத்தாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. கையைக் குடுங்க பார்ப்போம்." சாரின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்க ஒரு நாளைக்கு எத்தனை?"

"எண்ணுனது இல்ல டாக்டர்."

தரையிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. "நான் எண்ணியிருக்கேன் டாக்டர். சொல்ல வேணாம். அவரு வெக்கப்படுவாரு."

அவர் அவ்வளவு பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சார் திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

மறுநாள் விடிந்து வெயில் வந்த பிறகு பாப்பா கண்ணைத் திறந்தது. சுற்றிலும் பார்த்தது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "பசிக்குது" என்றது. அந்த வார்த்தையை அதன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு இருந்த கிழவர் தம்முடைய தூக்குவாளியிலிருந்து கேழ்வரகுக் களியைப் பிட்டுக் கொடுத்தார். ஒரு உருண்டை முழுக்கத் தின்றது. இன்னொன்று கேட்டுத் தின்றது. தின்ற கையைக் கழுவிவிடுவதற்குள் அம்மாவின் மடியில் திரும்பவும் தூங்கிவிட்டது. சார் அப்போது அங்கே இல்லை. வராண்டாவில் வார்டுபாயைப் பிடித்து, பக்கத்தில் எங்கேயாவது காப்பித்தூள் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

மிச்சத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறியல் முடிந்ததும் தூள்கடை திறந்தது. சார் மார்போடு அணைத்துப் பொட்டலம் கொண்டுவந்தார். மாடியில் எங்களுக்கு அதே டம்ளர், அதே கருப்பு. டாக்டரம்மா சொன்ன சின்ன டம்ளரைப் பற்றி ஒருவன் வாயெடுத்தான். "அந்தம்மாவா பரீட்ச எழுதப் போவுது?" என்றார். நான் பரீட்சைவரை இருக்கவில்லை. ஒரு நெல் லாரியில் ஏறி ஆத்தூர் பக்கம் போய்விட்டேன். கண்டக்டரும் ஆகவில்லை. ஆனால் நான் இருந்தவரைக்கும் பாப்பாவுக்கு மட்டும் அவரால் ஒரு டம்ளர்கூடக் கொடுக்க முடியவில்லை. அதற்குக் காரணம் டாக்டரம்மா இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வழியில் நடந்ததுதான்.

மரங்கள் இன்னும் ரோட்டில்தான் கிடந்தன. பாப்பாவை நான் தூக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அந்த அம்மா கொடுக்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். முதல் மரத்தடியில் எல்லோரும் எழுந்து வந்தார்கள்.

"சார், பாப்பாவுக்கு இன்னா ஆச்சு?"

சார் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டார். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குக் குரல் வந்துவிட்டது. "மூளைக் காய்ச்சல். ஜாஸ்தியா படிக்கற மூளைக்குதான் வரும்னாங்க. ஒரு கண்டம் தப்பிச்சிது."

"அய்யய்யோ" என்றார்கள். ஒருவன் உணர்ச்சிவசப்பட்டு கோஷமே போட்டுவிட்டான். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சத்தத்தில் பாப்பா தூக்கிவாரிப்போட்டு, கண்ணைத் திறக்காமல் அழுதது. அந்த அம்மா பிள்ளையின் காதைக் கையால் பொத்தினார். முதுகைத் தட்டித் தட்டி அடக்கினார். பிறகு சாரைப் பார்த்தார். அதன் பிறகு அவர் சாருக்குப் பின்னால் நடக்கவில்லை, முன்னால் நடந்தார்.

இரண்டாவது மரம் பெரியது. கூட்டமும் அங்கேதான் அதிகம். தூரத்திலேயே கோஷம் கேட்டது. கிட்டே போனதும் மீசைக்காரர் ஒருவர் கை காட்டி நிறுத்திக் கேட்டார்.

"சார், பாப்பாவுக்கு இன்னா…"

சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அதற்குள் அந்த அம்மா பேசிவிட்டார்.

"ஒரு நோயும் இல்லண்ணா. பொறந்ததுலேர்ந்து காப்பி குடுத்துக் குடுத்து இவள தூங்க வுடல. இப்பதான் தூங்கறா. கொஞ்சம் சத்தம் போடாம இருங்கண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

கோஷம் போட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் வாயை மூடினான். அது வரிசையாகப் பின்னால் போய், கடைசியில் நின்றவர்கள்வரை அடங்கியது. ஒடித்தால் சத்தம் வரும் என்று, இரண்டு பேர் குனிந்து கிளையை ஒடிக்காமல் வளைத்துப் பிடித்தார்கள். இன்னொருவர் அந்த அம்மாவின் முழங்கையைத் தாங்கி மரத்தின் மேல் ஏற்றி, அந்தப் பக்கம் இறக்கினார். பாப்பாவின் தலை தோளை விட்டு அசையவில்லை. நானும் தாண்டினேன்.

சார் தாண்டவில்லை. மரத்துக்கு இந்தப் பக்கமாகவே அவரைச் சுற்றி நின்றுவிட்டார்கள். மீசைக்காரர் கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது.

"இன்னா சார் நீ? கொயந்தைக்கா குடுத்த?"

சார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். கூட்டத்தில் பேசுகிற குரலில், "அய்யா, நம்ம ஜனங்க…" என்று ஆரம்பித்தார்.

மீசைக்காரர் அவர் வாய்க்கு நேராகக் கையை நீட்டினார்.

"மெதுவா பேசு சார். புள்ள தூங்குது."